லாபம், ரெண்டு, மூணு

கணக்கு சரியாக வந்துவிட்டது. குமுதாவுக்கு அதுதான் சரியாகப் படவில்லை.

இரண்டு மாதமாக அந்த வரிசையில் ஒரு மூட்டை குறைவு. சிஸ்டத்தில் நாற்பத்தொன்று என்று இருக்கும். தரையில் நாற்பதுதான் இருக்கும். காலையில் எண்ணினாலும் நாற்பது, மாலையில் எண்ணினாலும் நாற்பது, ஆத்திரத்தில் ஒவ்வொரு மூட்டையையும் உதைத்துக்கொண்டே எண்ணினாலும் நாற்பது. கெர்லிங் பக்கம் ஒரு தோட்டத்தில் ஸ்டோர் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, உரம், களைக்கொல்லி, பூட்ஸ், வெட்டுக்கத்தி என்று எண்ணி எண்ணியே தலை நரைத்தவள் அவள். அவளுக்கு நாற்பது வரை எண்ணத் தெரியவில்லை என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். இப்போது, நாளைக் காலை ஆடிட்டர்கள் வரப்போகிற நேரத்தில், மூட்டைகளின் தலையில் கையை வைத்து வைத்து எண்ணிக்கொண்டு போனவள் கடைசி மூட்டையில் வந்து நின்றபோது வாயில் இருந்த எண் நாற்பத்தொன்று.

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. எங்கிருந்தோ ஒரு மூட்டையைத் தூக்கிவந்து நடுவில் சொருகி அவள் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தவன் கையில் கிடைத்தால் அந்த மூட்டையை அவன் தலையிலேயே ஏற்றி ஜெராம் டவுன் வரைக்கும் நடக்க விடுவேன் என்று பல்லைக் கடித்தாள். திரும்பி நின்று வரிசையைப் பார்த்தாள். கோடியிலிருந்து கோடி வரை, சுவரை ஒட்டி, வாய் தைத்த வெள்ளை மூட்டைகள். ஒவ்வொன்றிலும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜீவன் சாக்பீஸால் போட்ட எண். அந்த எண்கள் நாற்பதோடு முடிந்திருந்தன.

புக்கிட் பெலிம்பிங்கில் செம்பனைக் காட்டுக்கு நடுவே, மண்சாலை முடிகிற இடத்தில் இருந்தது அந்தக் கிடங்கு. எண்ணெய் ஆலையிலிருந்து லோரியில் உதிரியாக வந்து கொட்டும் செம்பனைப் புண்ணாக்கை இங்கே மூட்டை கட்டி மாட்டுப் பண்ணைகளுக்கு அனுப்புவார்கள். மதியத்திலிருந்து மழை விடாமல் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. ஈரக் காற்று உள்ளே புகுந்து, புண்ணாக்கின் சிக்கு நாற்றத்தையும் சாக்கின் பிளாஸ்டிக் நாற்றத்தையும் எலிப் புழுக்கையின் நாற்றத்தையும் கிளப்பி, அதற்கெல்லாம் அடியில் பூண்டு நசுக்கியதுபோல் ஒரு நெடியைச் சுமந்துகொண்டு மெதுவாக அவள் முகத்தில் வந்து படிந்தது. வண்டு மருந்தின், மூட்டையில் விழும் வண்டைக் கொல்ல வைக்கும் விஷவாயுவின் நெடி அது. மருந்து போட்டு இரண்டு மாதமாகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் ஷட்டரைத் திறந்து வைத்துக் காற்றாட விட்டாயிற்று. இன்னும் எப்படி நாறும்?

அந்த மருந்தில்தான் உடையப்பன் செத்துப்போனார்.

மூட்டை தூக்குகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் மண்டோர், மேஸ்திரி. அவர் எண்ணுவதை இந்தக் கிடங்கில் கேட்காதவர்கள் கிடையாது. மூட்டையின் தலையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, கூரை அதிரக் கத்துவார். முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்லமாட்டார். லாபம் என்பார். லாபம், ரெண்டு, மூணு, நாலு. நெல் அளந்தவர்களின் வழக்கம் அது; லாபம் என்று தொடங்கினால் பெருகும் என்று ஒரு நம்பிக்கை. குமுதாவின் அப்பாவும் தோட்டத்து லயத்து வீட்டில் அரிசி அளக்கும்போது அப்படித்தான் எண்ணினார். அவளுக்கு அதில் புதுமை ஒன்றும் இல்லை.

வண்டு மருந்து வைத்து ஸ்டோரை மூடிய சாயங்காலம் குமுதா லீவு. அன்றைக்கு எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று ஷட்டரை இறக்கி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மருந்துக்காரர்கள் நான்காம் நாள் திறந்தபோது, உடையப்பன் இந்த வரிசைக்கு நடுவில், மூட்டையோடு மூட்டையாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். சட்டையைக் கழற்றி முகத்தில் சுற்றியிருந்தார். கம்பெனி ஒரே வரியில் கதையை முடித்தது. எல்லாரும் போன பிறகு திருட உள்ளே நுழைந்திருக்கிறான், மாட்டிக்கொண்டான், நாங்கள் என்ன செய்வது?

அவர் இருந்த காலத்தில் அடுக்கிய எல்லா வரிசையிலும் ஒவ்வொரு மூட்டை குறைந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. திருடினான் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? அவர் மனைவி வள்ளியம்மா சுங்கை செம்பிலாங்கில் மீன் காயவைக்கும் இடத்தில் வேலை செய்கிறாள். அங்கே அவளுக்கு இப்போது திருடன் பெண்டாட்டி என்றுதான் பெயர். போன வாரம் குமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாச்சும் சொல்லும்மா, ஒரு பிடி புண்ணாக்குகூட அவரு வீட்டுக்குக் கொண்டாந்தது கெடையாது" என்றாள். இன்றைக்கு குமுதாவின் மேசையில் ஒரு தாள் இருக்கிறது. குறைந்த மூட்டைகளை எடுத்தது காலஞ்சென்ற உடையப்பன்தான் என்று ஸ்டோர் பொறுப்பாளர் உறுதி கூறுவதாக ஆங்கிலத்தில் அடித்த தாள். அவள் கையெழுத்துப் போட்டால் உடையப்பன் என்றென்றைக்கும் திருடன். போடாவிட்டால் அவள் திருடி.

"அக்கா, எதுக்கு மறுபடியும் எண்ணுறீங்க?" ஃபோர்க்லிஃப்டை ஓரமாக நிறுத்திவிட்டு ஜீவன் வந்தான். முப்பது வயதுக்காரன், எதற்கும் அசராதவன். "ஃபோர்ட்டி தான் லா. நம்பர் போட்டதே நானு."

"கையால எண்ணுனா நாப்பத்தொண்ணு வருது ஜீவா."

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடலல்ல நீங்க? அதான்."

சிரித்துக்கொண்டே முதல் மூட்டையில் கையை வைத்தான். கண்ணை அவள் பக்கம் வைத்துக்கொண்டு, கை பாட்டுக்குத் தட்டிக்கொண்டு போக, வாய் பாட்டுக்கு எண்ணிக்கொண்டு போனான். நடுவில், டியூப் லைட் எரியாத தூணுக்குப் பக்கத்தில், எண்ணுவது நின்றது. கை கீழே அழுந்தியபடி இருந்தது. சிரிப்பு அப்படியே முகத்தில் உறைந்திருந்தது. பிறகு கையை எடுத்து முகர்ந்து பார்த்தான். பேண்டில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

"என்ன?"

"மழை வலுக்குதுக்கா. நான் கெளம்புறேன்."

"எண்ணி முடிச்சிட்டுப் போடா."

"நீங்களும் கெளம்புங்க." அவளைப் பார்க்காமல் சொன்னான். "லைட்டெல்லாம் இருக்கும்போதே கெளம்பிருங்க."

மழையங்கிகூடப் போடாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அதன் சத்தம் செம்பனை மரங்களுக்குள் தேய்ந்து போகும்வரை குமுதா நின்ற இடத்திலேயே நின்றாள். பயமாக இருந்தது. பயப்பட வைத்துவிட்டார்களே என்று அதற்குமேல் எரிச்சலாக இருந்தது. தன் ஸ்டோரில், தன் மூட்டைகளுக்கு நடுவில் நிற்கத் தான் ஏன் பயப்பட வேண்டும்? போய்க் கையை வைத்தாள்.

சாக்கின் சொரசொரப்பு. தைத்த நூலின் முடிச்சு. உள்ளே புண்ணாக்கு நெறுநெறுவென்று அழுந்தும். அடுத்தது, அதே சொரசொரப்பு, அதே முடிச்சு. கண்ணை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு ஜீவன் செய்ததுபோலவே கையை மட்டும் நகர்த்தினாள். தூண் வந்தது. சொரசொரப்பு, முடிச்சு. சொரசொரப்பு, முடிச்சு. மென்மை.

நூல் இல்லை. முடிச்சு இல்லை. ஈரமாக, வெதுவெதுப்பாக, ஒரு துணிச்சுற்று. துணிக்கு அடியில் உருண்டையாக, கெட்டியாக ஒன்று.

திரும்பிப் பார்த்தாள். இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் சந்து இருந்தது. அந்தச் சந்துக்கு மேல் அவள் கை அந்தரத்தில் இருந்தது. ஆனால் உள்ளங்கையில் கனம் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. குந்தியிருக்கும் ஓர் ஆளின் தலை எவ்வளவு உயரத்தில் இருக்குமோ, அவ்வளவு உயரத்தில்.

கையைப் பிடுங்கிக்கொண்டாள். விரலெல்லாம் பூண்டு நாறியது.

ஓடவில்லை. ஓடினால் விழுந்துவிடுவோம் என்று தெரிந்தது. ஷட்டருக்கு வெளியே வந்து, முன்பக்க ஆபீஸ் வரை இருந்த சிமெண்டுத் தரையில் மழைச் சாரலோடு நடந்தாள். குழாயடியில் நின்று கையைக் கழுவினாள், சோப்பைத் தேய்த்தாள், மறுபடி கழுவினாள். நெடி போகவில்லை.

மானேஜர் சுகுமாரன் ஆபீஸில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ரவாங்கிலிருந்து தினமும் கார் ஓட்டி வருகிறவர். தங்க ஃபிரேம் கண்ணாடி. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. ஸ்டோருக்குள்ளே கால் வைத்தால் ஷூவில் தூசி படியும் என்று, மூட்டை அடுக்கும்போதுகூட இந்த வாசலில் நின்றபடிதான் கைப்பேசியில் கணக்கை ஏற்றுவார்.

"சைன் பண்ணிட்டீங்களா குமுதா?"

"இல்ல சார்."

"இன்னும் என்னா யோசனை? நாளைக்கு ஆடிட்டர் கேட்டா என்னா சொல்வீங்க? உங்க மகன் படிப்பு, வீட்டு லோனு, அதெல்லாம் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. செத்தவன் ஒண்ணும் சண்டைக்கு வரமாட்டான் லா."

அவளுக்குக் காது சூடேறியது. இந்த மனிதன் நல்ல வார்த்தை பேசுவதுபோலவே மிரட்டுவான். இரண்டு மாதமாக இப்படித்தான்.

"எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல சார். மண்டோரண்ணே அடுக்குனதுல மட்டும் எல்லாத்துலயும் ஒண்ணு கொறையுது. ரெண்டு இல்ல, மூணு இல்ல. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணே ஒண்ணு. திருடுறவன் அப்படி அளந்தா திருடுவான்?"

"ஸ்மார்ட்டா திருடிருக்கான்."

"நீங்க எப்படி ஏத்துவீங்க, சிஸ்டத்துல?"

"எப்படின்னா? அவன் கத்துறதக் கேட்டுத்தான். கடைசியா என்னா நம்பர் சொல்றானோ, அதுகூட ஒண்ணு சேத்துக்குவேன்."

"ஒண்ணு எதுக்கு?"

"லாபம்." சுகுமாரன் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "மொதல்ல லாபம்னு ஒரு மூட்டை போடுறான்ல, எக்ஸ்ட்ரா? அப்புறம்தானே ஒண்ணு ரெண்டுன்னு ஆரம்பிப்பான். நாப்பதுன்னு முடிச்சா லாபத்தோட நாப்பத்தொண்ணு. சிம்பிள் மேத்ஸ்."

குமுதா ஒரு விரலை மடக்கிக் காட்டினாள்.

"சார். லாபம்தான் ஒண்ணு. லாபத்துக்கு அப்புறம் ரெண்டு. ஒண்ணுங்கற வார்த்தையே அவரு வாயில வராது. பக்கத்துல நின்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா நீங்க?"

சுகுமாரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

குறையவே இல்லை. எதுவுமே குறையவில்லை. இல்லாத மூட்டையை இவன் எழுதி வைத்துவிட்டு, இருந்த மனிதனைத் திருடன் ஆக்கியிருக்கிறான். கத்தலாம்போல் இருந்தது அவளுக்கு. கத்துவதற்கு முன் இன்னொன்று உறைத்தது.

"மருந்து போட்ட அன்னைக்கி ஆளுங்கள வெளியே அனுப்புனது மண்டோரண்ணே தானே? உள்ளார நின்னு, ஒவ்வொருத்தன் தோளையும் தட்டி எண்ணி அனுப்புவாரு. அன்னைக்கி அவரோட சேத்து எட்டுப் பேரு வேலைக்கு வந்தாங்க. கடைசியா என்னா நம்பர் கேட்டுச்சி உங்களுக்கு?"

அவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார்.

"ஏழு கேட்டுச்சா சார்?"

"பழசெல்லாம் இப்ப எதுக்கு?"

"ஏழு. லாபத்தோட எட்டு. எல்லாரும் வந்தாச்சின்னு ஷட்டர எறக்குற செவப்புப் பட்டன அமுக்கிட்டீங்க. ஏழாவது ஆளு வெளிய வந்தான். எட்டாவது ஆளு அவருதான். உள்ளாரயே நின்னாரு."

"குமுதா, வார்த்தைய அளந்து பேசுங்க! போலிஸ் கேஸ் முடிஞ்சிருச்சி. மழை, மோட்டார் சத்தம், மத்தவனுங்க எல்லாம் லோரில ஏறிட்டானுங்க. எவனுக்கும் கேக்கல. நான் என்னா பண்ணுவேன்?"

"கேக்கலன்னா? அப்ப அவரு கத்திருக்காரு."

சுகுமாரன் எழுந்துவிட்டார். தாளை எடுத்தார், பேனாவை எடுத்தார். முகம் சிவந்திருந்தது. தன்மேல் தப்பு என்று தெரிந்த மனிதனின் முகம் இல்லை அது. வேலைக்காரி எதிர்த்துப் பேசிவிட்டாளே என்கிற முகம். அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு முடிவாயிற்று. இந்தத் தாளில் அவள் பெயர் ஏறாது. வேலை போனால் போகட்டும், வீடு போனால் போகட்டும்.

"வாங்க," என்றார். "வந்து என் கண்ணு முன்னால எண்ணுங்க. நாப்பது இருந்தா சைன் போடணும்."

"நீங்களே எண்ணுங்க சார். எந்தக் கணக்கையும் கையால தொட்டதே இல்லல்ல நீங்க? இன்னைக்கித் தொட்டு எண்ணுங்க."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசித்திருந்தால் நிறுத்தியிருப்பாள். யோசிக்கவில்லை. கோபம் பயத்தை மேலே வர விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது.

வெளிச்சம் மங்கிவிட்டது. ஷட்டருக்கு உள்ளே கால் வைத்ததும் மழைச் சத்தம் தலைக்கு மேலே ஏறிக்கொண்டது. வாசல் பக்கத்து விளக்குகள் எரிந்தன; தூண் பக்கம் இருட்டு தரையில் கிடந்தது. குமுதா வாசலை ஒட்டியே நின்றாள். சுகுமாரன் வரிசையின் முன்னால் நடந்து, விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டு போய், தூரத்துக் கோடியில் நின்று திரும்பினார்.

"ஃபோர்ட்டி. சந்தோஷமா?"

"கையால."

"வாட் நான்சென்ஸ்."

ஆனாலும் தொட்டார். அவளை அவமானப்படுத்த வேண்டும் என்ற வேகம். அந்தக் கோடியிலிருந்து இந்தப் பக்கமாக, ஒவ்வொரு மூட்டையின் தலையிலும் பட்டென்று அறைந்து, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தார். அறையின் சத்தம் தகரச் சுவரில் மோதித் திரும்பியது. பட். பட். பட். குமுதா கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டது. ஒரு அறைக்கு இரண்டு சத்தம் வந்தது. எதிரொலி என்று நினைத்தாள். எதிரொலி பின்னால் வரவேண்டும். இது முன்னால் வந்தது.

அவள் நின்ற பக்கத்துக் கோடியிலிருந்து, யாரும் இல்லாத இடத்தில், மூட்டையின் தலையில் ஓர் உள்ளங்கை விழுந்தது. சாக்கு அமுங்கியது. எழும்பியது. அடுத்த மூட்டை அமுங்கியது. எழும்பியது. நிதானமாக, பழகிய கையாக, தூணை நோக்கிப் போனது.

"சார்."

அவர் எண்ணிக்கொண்டே வந்தார். தலை குனிந்திருந்தது.

"சார், கைய எடுங்க. வெளிய வந்துருங்க."

"டிஸ்டர்ப் பண்ணாதீங்க!"

பட். அமுங்கியது. பட். அமுங்கியது. இரண்டும் தூணுக்கு அருகில் வந்தன. பூண்டு நெடி தொண்டையைப் பிடித்தது. அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. மூட்டைகள் அமுங்குவது நின்றது. சுகுமாரனின் கையும் நின்றது. தாழ்ந்த கை. சந்துக்கு மேலே.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாகியிருந்தன.

"குமுதா," என்றார். "இங்க யாரோ..."

அவள் தோளில் ஒரு கை விழுந்தது.

கனமான கை. காய்த்துப்போன உள்ளங்கை. துணி ஈரம் முதுகில் பட்டது. காதுக்குப் பக்கத்தில், மருந்து தின்று கரகரத்த தொண்டையிலிருந்து, அவள் ஆயிரம் தடவை கேட்ட குரல் ஒரே ஒரு வார்த்தை சொன்னது.

"லாபம்."

தள்ளியது. முரட்டுத்தனமாக இல்லை. வேலை முடிந்தது, வீட்டுக்குப் போ என்பதுபோல். அவள் கால்கள் தானாக நடந்தன. ஷட்டரைத் தாண்டின. மழை முகத்தில் அறைந்தது. ரெண்டு என்று வரும் என்று நின்றாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ரெண்டு வரவில்லை.

வெளிச்சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை யாரும் தொடவில்லை. அது உள்ளே போனது. மோட்டார் கரகரத்தது. ஷட்டர் இறங்கத் தொடங்கியது.

உள்ளே சுகுமாரன் ஓடி வருவது தெரிந்தது. முதலில் முகம் மறைந்தது. பிறகு இடுப்பு. பிறகு பளபளத்த ஷூ மட்டும், ஈரத் தரையில் சறுக்கிக்கொண்டு. இரும்பு தரையில் இடித்தது.

"குமுதா! தொறங்க! குமுதா!"

தகரத்தை இரண்டு கையாலும் அடித்தார். பச்சைப் பொத்தான் அவள் கண்ணெதிரே இருந்தது. கை நீட்டினால் எட்டும். அவள் நீட்டவில்லை. அவளால் முடியாமல் இல்லை, நீட்டவில்லை. மழை இருக்கிறது, மோட்டார் சத்தம் இருக்கிறது. கேட்கிறதா பார். உனக்குக் கேட்காமல் போன சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று நீயே கத்திப் பார். நெஞ்சு முழுக்க இந்த ஆத்திரம்தான் இருந்தது. அடிப்பது பலமாகியது. பிறகு இருமல். பிறகு அடிப்பது கீழே இறங்கியது, ஆள் முழங்கால் போட்டுவிட்டதுபோல், தரைக்குப் பக்கத்தில் நகம் பிராண்டும் சத்தம். அவள் பெயர்கூட இல்லை இப்போது. அம்மா, அம்மா என்றார்.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. பச்சைப் பொத்தானை அறைந்தாள். ஷட்டர் ஏறியது.

வாசலில் யாரும் இல்லை.

விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அந்தக் கிடங்குக்கு வேறு வழி கிடையாது. சன்னல் கிடையாது. தரையில் கையெழுத்துப் போடாத தாள் நனைந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஷூ.

"சார்?"

சுவரோரம் மூட்டைகள் நின்றன. கண்ணால் எண்ணினாள். நாற்பது. சாக்பீஸ் எண் நாற்பது.

போகக்கூடாது என்று உடம்பு முழுக்கச் சொன்னது. திரும்பி ஓடு. மெயின்ரோட்டுக்கு ஓடு. ஆனால் அவள் பொத்தானை அமுக்காமல் நின்றவள். தாமதித்தவள் அவள்தான். பார்க்காமல் எப்படிப் போவாள்?

வரிசையின் தலைமூட்டையில் கையை வைத்தாள். சொரசொரப்பு. முடிச்சு. நகர்ந்தாள். சொரசொரப்பு. முடிச்சு. வாய் தானாக எண்ணியது. பற்கள் அடித்துக்கொண்டன. தூண் வந்தது. துணிச்சுற்று இருக்கும். ஈரம் இருக்கும். அதற்குத்தான் மனதைக் கட்டி வைத்திருந்தாள். கண்ணைத் திறந்துகொண்டே, இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் இருந்த வெறும் சந்துக்கு மேல் கையை இறக்கினாள்.

துணி இல்லை.

வாரிவிட்ட முடி. வியர்த்த நெற்றி. சில்லென்று கண்ணாடியின் ஃபிரேம். அதற்குக் கீழே கொதிக்கும் கன்னம். கையை எடுக்கப் பார்த்தாள். இரண்டு கைகள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன. கண்ணுக்கு அங்கே சுவரும், சந்தும், சந்துக்குள் கொஞ்சம் சிந்திய புண்ணாக்கும்தான் தெரிந்தன. மழை தவிர ஒரு சத்தமும் இல்லை. அவள் உள்ளங்கையில் ஒரு வாய், எச்சிலும் பல்லுமாக, முழுசாகத் திறந்து, மூடி, திறந்து, கத்திக்கொண்டே இருந்தது.